சிங் காலச் சீனாவின் தண்டனைப் புகைப்படங்களை இனங்காணும் முறை

கழுத்தில் பெரிய பலகை மாட்டிய ஆள், சடையோடு சடை சேர்த்துக் கட்டிய கைதிகள், மண்டியிட்டவரின் பின்னால் வாளோடு நிற்கும் ஒருவர். 1912 வரை சீனாவை ஆண்ட சிங் அரசமரபின் கடைசி ஐம்பது ஆண்டுகளில் எடுக்கப்பட்ட இத்தகைய படங்கள் இணையத்தில் திரும்பத் திரும்பப் பகிரப்படுகின்றன. கீழே பெரும்பாலும், வெளிநாட்டவரை எதிர்த்துக் கிளர்ந்த பாக்ஸர் இயக்கத்தைச் சுட்டி, ஒரே வரிதான் இருக்கும்: "பாக்ஸர் கலகக்காரர், 1900." அந்த ஒரு வரியில் ஆள், ஆண்டு, குற்றம் மூன்றுமே தப்பாக இருப்பது சர்வசாதாரணம். படத்தில் இருப்பவர் திருடனாக இருக்கலாம், கடன்காரனாக இருக்கலாம், கூலிக்கு நடித்தவராகவும் இருக்கலாம். செய்யாத குற்றத்தை அவர் பெயரில் எழுதுவது, அவர் இறந்து நூறு வருடம் ஆனாலும் அநியாயம்தான்.

ஆகவே முதல் விதி: படக்குறிப்பைக் கடைசியில் படியுங்கள். முதலில் படம் என்ன பொருளில் இருக்கிறது, அடுத்து உள்ளே என்ன தெரிகிறது, பிறகு சட்டம் என்ன சொன்னது, எல்லாம் முடிந்த பின்புதான் குறிப்பு. இந்த வரிசை மாறினால் கண் குறிப்புக்கு ஏற்றபடி பார்க்கத் தொடங்கிவிடும்.

கையில் இருப்பது என்ன

அசல் அச்சு கையில் இருந்தால் 10 மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று போதும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பருத்திக் கையுறை பழைய அட்டையின் ஓரத்தில் சிக்கிக் கிழிக்கும். படத்தின் மேல் ஈரத்துணியோ அழிரப்பரோ படவே கூடாது. முட்டை வெண்கரு பூசிய அச்சில் ஒரு துளி ஈரம் பட்டாலும் அந்த இடத்தின் பளபளப்பு மாறி நிரந்தரக் கறையாகிவிடும்.

லூப்பில் காகித நார்கள் தெளிவாகத் தெரிந்து, வெளிச்சப் பகுதிகள் மஞ்சளித்து, மெல்லிய தாள் கெட்டி அட்டையில் ஒட்டியிருந்தால் அது முட்டை வெண்கரு பூசிய ஆல்புமன் அச்சு. 1850களிலிருந்து 1890கள் வரை இதுவே வழக்கம். நார் தெரியாமல் வழவழவென்று இருந்து, கருமையான ஓரங்களில் வெள்ளிப் பூச்சு போல் மினுங்கினால் ஜெலட்டின் அச்சு. பெரும்பாலும் 1890களுக்குப் பிற்பட்டது. ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்படமே இல்லை, அச்சகப் பிரதி. புழு நெளிந்தது போன்ற நுண்ணிய கோலம் தெரிந்தால், ஜெலட்டின் பூசிய தட்டில் மை தடவி அச்சிடும் கொலோடைப். ஸ்காட்லாந்துப் படக்காரர் ஜான் தாம்சன் 1868 முதல் 1872 வரை சீனாவில் எடுத்த படங்கள் 1873–74-ல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது கொலோடைப் முறையில்தான். அந்தத் தொகுதியிலிருந்து பிரித்த பக்கத்தை "அசல் புகைப்படம்" என்று விற்பவர்கள் உண்டு. அவருடைய கண்ணாடி நெகட்டிவ்கள் லண்டன் வெல்கம் சேகரிப்பில் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

அட்டையின் அளவும் பேசும். சுமார் 63 × 102 மி.மீ. என்றால் கார்ட் தெ விசிட் என்ற சிறு உருவப்பட அட்டை. 108 × 165 என்றால் கேபினட் அட்டை, 1866-க்கு முன் இருக்க வாய்ப்பில்லை. 89 × 178 என்ற அளவில் ஒரே காட்சி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடவை இருந்தால், பார்வைக் கருவியில் வைத்து முப்பரிமாணமாகப் பார்க்கும் ஸ்டீரியோ அட்டை.

அஞ்சலட்டை என்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். செய்திக்கும் முகவரிக்கும் நடுவே கோடு போட்டுப் பிரித்த பின்பக்கம் பிரிட்டனில் 1902-லும், ஜெர்மனியில் 1905-லும், அமெரிக்காவில் 1907-லும் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன் பின்பக்கம் முழுக்க முகவரிக்கே. அஞ்சல் முத்திரை சொல்வது ஒன்றுதான்: அந்தத் தேதிக்குள் அட்டை அச்சாகியிருந்தது. படம் எடுத்த நாளை அது சொல்லாது. பலர் வழுக்கி விழும் இடம் இது. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று தேதிகள் உண்டு: எடுத்த தேதி, அச்சிட்ட தேதி, வெளியான தேதி. மூன்றுக்கும் இடையே பத்துப் பதினைந்து வருடம் ஓடியிருக்கலாம். குறிப்பேட்டில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டுவிடுங்கள்.

நெகட்டிவின் மேலேயே எழுதிய எண்ணையும் பெயரையும் கவனியுங்கள். அச்சில் வெள்ளையாகத் தெரிந்தால் நெகட்டிவில் மையால் எழுதியது, மை வெளிச்சத்தை மறைத்துவிட்டது. கறுப்பாகத் தெரிந்தால் பூச்சைச் சுரண்டி எழுதியது. ஒரே படத்தில் இரண்டும் இருந்தால் நெகட்டிவ் கை மாறியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஸ்டுடியோக்கள் விற்கப்படும்போது வாங்கியவர் பழைய எண்ணை அழித்துத் தன் எண்ணைப் போட்டுக்கொண்டார். பின்னட்டை முத்திரையில் இருக்கும் ஸ்டுடியோவே படம் எடுத்தது என்று எழுதிவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஸ்கேன்

முன்னும் பின்னும், அட்டை ஓரம் முழுவதும் தெரியும்படி ஸ்கேன் செய்யுங்கள். சிறிய அட்டைகளுக்கு 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) தேவை. ஒரு கணக்கு: கழுத்துப்பலகையில் ஒட்டிய தாளில் ஓர் எழுத்து அச்சில் 3 மி.மீ. உயரம் இருந்தால், 300 டிபிஐ ஸ்கேனில் அது 35 பிக்சல், 1200-ல் சுமார் 140. கோடுகள் நெருங்கிய சீன எழுத்து 35 பிக்சலில் கறைபோலத்தான் தெரியும். ஆனால் புள்ளி அச்சில் வந்த புத்தகப் பக்கத்தை எத்தனை டிபிஐயில் எடுத்தாலும் பயன் இல்லை. அங்குலத்துக்கு 150 வரி திரையில் அச்சான படத்தில் அந்த 3 மி.மீ. எழுத்துக்கு மொத்தமே 18 புள்ளிதான் இருக்கும். அப்போது வேலையை நிறுத்திவிட்டு அசல் அச்சைத் தேடுவதே வழி. மென்பொருளால் "தெளிவாக்கிய" படங்களில் இல்லாத எழுத்துகள் முளைத்துவிடுகின்றன. அவற்றை ஒருபோதும் ஆதாரமாக எடுக்காதீர்கள்.

இடம் வலம் மாறியிருக்கிறதா

இதை எல்லாவற்றுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். கண்ணாடித் தட்டைத் திருப்பி வைத்து அச்சிட்டால் ஊர் தலைகீழாகிவிடும். சுலபமான சோதனை உடையில் இருக்கிறது. சீனர் மேலங்கியின் இடப்பக்க மடிப்பு வலப்பக்கத்தின் மேல் வந்து, அணிந்தவரின் வலது விலா ஓரத்தில் முடிச்சுப் பொத்தான் போடப்படும். அவர் நம்மைப் பார்த்து நின்றால் பொத்தான் வரிசை நமக்கு இடப்பக்கம் தெரிய வேண்டும். வலப்பக்கம் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது. நடுவில் திறக்கும் குட்டைச் சட்டையில் இந்தச் சோதனை பலிக்காது. அப்போது கடைப் பலகையின் எழுத்துகளைப் பாருங்கள். சீனத்தில் இருபுறமும் ஒத்த எழுத்துகள் பல உண்டு, அதனால் ஒரே எழுத்தை நம்பாமல் நாலைந்தைப் பார்க்க வேண்டும்.

கழுத்துப்பலகை

இந்தப் படங்களில் அதிகம் வருவது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். சீனத்தில் ஜியா. மேலைநாட்டுக் குறிப்புகளில் வரும் காங் என்ற பெயர், நுகத்தடி என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. பொருத்தமான பெயர்தான்.

இரண்டு பலகைகளைச் சேர்த்து நடுவே கழுத்துக்கு ஓட்டை. சிங் சட்டப்படி சாதாரணப் பலகை 25 ஜின், கனமானது 35 ஜின். ஒரு ஜின் சுமார் 600 கிராம், ஆக 15 கிலோவும் 21 கிலோவும். கை வாய்க்கு எட்டாத அகலம் என்பதால் சோறு ஊட்ட வேறொருவர் வேண்டும், படுக்கவும் முடியாது. இது மரண தண்டனை இல்லை. குறிப்பிட்ட நாட்களுக்கு, பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை, பொது இடத்தில் நிறுத்தி அவமானப்படுத்தும் தண்டனை. "பட்டினிச் சாவுக்கு விடப்பட்டவர்" என்ற குறிப்பு பலகைப் படத்தின் கீழ் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆளை நிற்கவைத்து, கூண்டின் மேல்தட்டு ஓட்டையில் கழுத்து மாட்டியிருக்கும்படி செய்த நிற்கும் கூண்டு வேறு. அது சாகடிக்கவே பயன்பட்டது, ஆனால் சட்டம் வகுத்த ஐந்து தண்டனைகளில் இல்லாதது. பலகை தோளில் தங்கியிருக்கிறதா, அல்லது நான்கு கம்பங்கள் தாங்கிய கூண்டின் கூரையா என்று பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம்.

இப்போது பலகையின் மேல் ஒட்டிய தாள்களுக்கு வாருங்கள். ஒரு படத்தில் நாம் செலவிடும் நேரத்தில் பாதி இங்கே போனாலும் தகும். இரு பலகைகளும் சேரும் இடுக்கின் குறுக்கே நீளத் தாள் ஒட்டி அரசு முத்திரை குத்துவார்கள். பலகையைத் திறந்தால் தாள் கிழியும், அதுதான் பூட்டுக்குச் சாட்சி. தாளில் அலுவலகத்தின் பெயர், கைதியின் பெயர், குற்றம், எத்தனை நாள் என்பவை இருக்கும். மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். சீனம் தெரியாதவர்கூட சில அடையாளங்களைப் பிடிக்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய எண்கள் அத்தனை கிடைக்கோடுகள். பத்து, கூட்டல் குறி. அந்த எண்களுக்கு முன்னால் இரண்டு எழுத்துகளில் ஆட்சிக்காலப் பெயர் வந்தால் ஆண்டைக் கணக்கிட்டுவிடலாம். துங்சி ஆண்டு என்றால் 1861-ஐக் கூட்டுங்கள். குவாங்ஷூ என்றால் 1874. சுவாந்துங் என்றால் 1908. குவாங்ஷூ 26 என்பது 1900. ஒரு கண்ணி மட்டும் உண்டு: சீன ஆண்டு ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் சற்றுப் பின்னுக்கும் இடையில்தான் பிறக்கும். குவாங்ஷூ 26-இன் பன்னிரண்டாம் மாதம் நம் கணக்கில் 1901 ஜனவரி–பிப்ரவரி. இதை மறந்தால் ஒரு முழு வருடம் பிசகும்.

தாளே இல்லாத புத்தம் புதிய பலகை, கழுத்துத் தோல் உரசாமல் நிற்கும் ஆள், ஒரு விரலால் தூக்கிவிடலாம் போன்ற மெல்லிய மரம்: இவை ஸ்டுடியோ சாமானைக் காட்டும் குறிகள்.

நடிப்பா, நிஜமா, நிஜத்தில் நிறுத்திவைத்ததா

ஷாங்காயில் 1862-ல் ஸ்டுடியோ திறந்த வில்லியம் சாண்டர்ஸ், சீன வாழ்க்கைக் காட்சிகள் என்று விற்ற தொடரில் தலைவெட்டும் காட்சியையும் ஆள் வைத்து அமைத்து எடுத்தார். மிகப் பரவலாகப் பிரதியெடுக்கப்பட்ட சிங் கால "மரண தண்டனை" படங்களில் அது ஒன்று. அந்தப் படத்தில் யாரும் சாகவில்லை.

கண்டுபிடிக்கும் வழி இயற்பியலில் இருக்கிறது. மருந்து ஈரமாக இருக்கும்போதே எடுக்க வேண்டிய அந்தக் காலத்து ஈரத்தட்டுக்கு நல்ல வெயிலிலும் சில விநாடி வெளிச்சம் வேண்டும். ஓங்கிய வாளின் முனை அத்தனை நேரம் மங்கலாகாமல் கூர்மையாக நிற்கிறது என்றால், அது ஓங்கிய வாள் இல்லை, பிடித்துக்கொண்டு நின்ற வாள். நிஜத் தண்டனையைச் சுற்றிக் கூட்டம் இருக்கும், கூட்டத்தில் யாராவது அசைந்து மங்குவார்கள், குழந்தை ஓடும், நாய் இரண்டு தலையோடு பதியும். எல்லோரும் ஒரே கூர்மையில் நின்றால் யாரோ "அசையாதே" என்று சொல்லியிருக்கிறார்கள். மேலே கண்ணாடிக் கூரையிலிருந்து விழும் மென்மையான வெளிச்சம், தரையில் விரிப்பு, துவைத்து மடிப்புக் கலையாத உடை, அதே தொடரில் இன்னொரு படத்தில் முடிதிருத்துபவராகவோ பழ வியாபாரியாகவோ வரும் அதே முகம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1880-களில் உலர்தட்டு வந்த பின் வெளிச்ச நேரம் விநாடியின் சிறு பகுதியாகிவிட்டதால் வாள் சோதனை அந்தக் காலத்துக்கு மேல் செல்லாது.

ஆனால் இரண்டே பெட்டி வைத்துப் பிரிப்பது பெரிய தவறு. மூன்றாவது வகைதான் எண்ணிக்கையில் அதிகம்: உண்மையான கைதி, உண்மையான பலகை, ஆனால் படக்காரருக்காக வரிசையில் நிறுத்தப்பட்டவர். 1864-ல் தொடங்கிய, சீன நீதிபதியோடு வெளிநாட்டு அதிகாரியும் அமர்ந்த ஷாங்காய்க் கலப்பு நீதிமன்றத்தின் கைதிகளை எடுத்த படங்கள் பெரும்பாலும் இப்படித்தான். அவரிடம் சம்மதம் கேட்டிருக்க வழியில்லை. குறிப்பில் "படத்துக்காக நிறுத்தப்பட்ட கைதிகள்" என்று எழுதுவதே நேர்மை. "நடிப்பு" என்று எழுதினால் அவர் பட்ட தண்டனையையே மறுத்ததாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேமரா வருவதற்கு முன்பே, 1801-ல், சீனத் தண்டனைகளைக் காட்டும் 22 வண்ணப்படங்கள் லண்டனில் புத்தகமாக வெளிவந்து ஐரோப்பியர் மனதில் பதிந்துவிட்டன. பிறகு வந்த படக்காரர்கள் அதே கோணம், அதே கைநிலையைத் தேடிப்போனார்கள். ஒரு புகைப்படம் பழைய ஓவியத்தோடு அப்படியே பொருந்தினால் அமைத்த காட்சியாக இருக்க வாய்ப்பு கூடுகிறது.

ஆண்டைச் சுருக்கும் சின்னச் சின்னத் தடயங்கள்

முன் தலை மழித்துப் பின்னால் சடை இருந்தால் 1912-க்கு முன் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. சடை கிராமங்களிலும், தளபதி ஜாங் ஷுன் படையிலும் குடியரசு வந்த பின்னும் நீடித்தது. மறுபக்கம் உறுதியானது: கைதிகள் அனைவருக்கும் குட்டை முடி என்றால் பெரும்பாலும் குடியரசுக் காலம். ஷாங்காய்த் தெருவில் 1927 பிப்ரவரியில் நடந்த தலைவெட்டுப் படங்கள் இன்றும் "பேரரசுச் சீனா" என்று வருகின்றன. முடியைப் பார்த்தாலே அந்தத் தவறு தெரியும்.

வீரர்களின் மார்பில் வட்டம், உள்ளே ஓர் எழுத்து. யோங் என்ற எழுத்து கூலிப்படை வீரரையும், பிங் என்ற எழுத்து நிரந்தரப் படையாளையும் குறிக்கும். மேலைநாட்டுப் பாணிச் சீருடை, தொப்பி அணிந்த சீனப் போலீஸ் நின்றால் 1902-க்குப் பின் என்று தொடங்கலாம். ஷாங்காயில் ரிக்‌ஷா தெரிந்தால் 1874-க்கு முன் இல்லை. அங்கே தலைப்பாகை அணிந்த சீக்கியப் போலீஸ் நின்றால் 1884-க்கு முன் இல்லை. ஹாங்காங்கில் சீக்கியப் போலீஸ் 1867-லேயே வந்துவிட்டதால் ஊரை உறுதிசெய்த பிறகே இந்த அளவுகோலைப் போடுங்கள். ஜப்பானிய ராணுவத்தார் சுற்றி நின்றால் 1904–05 ரஷ்ய–ஜப்பானியப் போரை நினைக்க வேண்டும். மஞ்சூரியாவில் ரஷ்யருக்கு உளவு பார்த்ததாகச் சொல்லிச் சீனர் கொல்லப்பட்டதை ஸ்லைடில் பார்த்த அதிர்ச்சியைத்தான் சீன எழுத்தாளர் லூ ஷுன் பின்னாளில் எழுதினார்.

பருவமும் ஒரு தடயம். அதிகாரிகளின் கோடைத் தொப்பி கூம்பு வடிவம், சிவப்புக் குஞ்சம். குளிர்காலத் தொப்பியின் விளிம்பு மேல்நோக்கி மடிந்திருக்கும். சாதாரண மரண தண்டனைகள் இலையுதிர்கால மறுவிசாரணைக்குப் பிறகே நிறைவேறின, ஆனால் "உடனே நிறைவேற்று" என்ற தீர்ப்புகள் வருடம் முழுவதும் உண்டு. அதனால் கோடைத் தொப்பி இருக்கிறது என்பதற்காகப் படத்தைப் போலி என்று தள்ளிவிடக் கூடாது.

நிறத்தைப் பற்றி எச்சரிக்கை. அந்தக் காலத்துத் தட்டுகளுக்கு நீலம் மட்டுமே நன்றாகத் தெரியும். அவுரி சாயமிட்ட நீலச் சட்டை படத்தில் ஏறக்குறைய வெள்ளையாக வரும். சிவப்பு முத்திரை கறுப்பாகும். முகங்கள் நிஜத்தைவிடக் கறுத்துவிடும். "வெள்ளை உடையில் கைதிகள்" என்று எழுதுமுன் இதை நினையுங்கள். அஞ்சலட்டையில் பூசிய வண்ணம் எதற்கும் சாட்சி ஆகாது, பூசியவர் அந்த ஊரையே பார்த்திருக்க மாட்டார். இயல்பான வண்ணத்தில் எடுத்த படம் என்றால் பெரும்பாலும் ஆட்டோகுரோம் என்ற வண்ணத்தட்டு முறை, அது 1907-க்குப் பிறகு மட்டுமே. மரப்பெட்டியின் ஓட்டை வழியே தலையும் கையும் நீட்டும் பெண்ணின் பிரபலமான வண்ணப்படம் அந்த வகை. உலகை வண்ணத்தில் பதிவுசெய்ய ஆல்பர்ட் கான் நடத்திய திட்டத்துக்காக ஸ்தெஃபான் பாசே 1913-ல் மங்கோலியாவில் எடுத்தது. பட்டினித் தண்டனை என்ற விளக்கம் 1922-ல் ஒரு பத்திரிகை சேர்த்த வரி. சீனப் பேரரசுக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தம் இல்லை. மங்கோலியா 1911-லேயே பிரிந்துவிட்டது.

ஊரைப் பிடிப்பது

பெய்ஜிங்கில் மரண தண்டனை நிறைவேறிய இடம் காய்ஷிகோ, ஷுவான்வு வாசலுக்குத் தெற்கே உள்ள காய்கறிச் சந்தை நாற்சந்தி. அகலமான கடைத்தெரு, கூரை விளிம்பில் மக்கள், பின்னால் கடைப் பலகைகள். அங்கிருந்த பழைய மருந்துக்கடை ஹெனியன்தாங்கின் பெயர் படிக்கக் கிடைத்தால் இடம் உறுதி. கான்டனில் (இன்றைய குவாங்ஜோ) நேர்மாறு: ஆற்றங்கரைக்கு அருகே குறுகிய சந்து, குயவர்களின் முற்றம். தண்டனை இல்லாத நாட்களில் அங்கே பானைகள் காயும். சுவரோரம் அடுக்கிய மண்பாண்டங்கள் தெரிந்தால் முதலில் கான்டனை நினையுங்கள்.

கடற்கரை மணல், பின்னால் மலை, உடல்களின் பின்னே தொப்பியோடு ஐரோப்பியர் நிற்கும் படம் ஒன்று "பாக்ஸர்கள் 1900" என்று ஓயாமல் வரும். அது 1891, கவுலூன். 1890 டிசம்பரில் பயணிகள் வேடத்தில் ஏறி நமோவா என்ற கப்பலைக் கொள்ளையடித்தவர்களுக்கு நிறைவேறிய தண்டனை. பாக்ஸர் எழுச்சிக்கும் அதற்கும் ஒன்பது வருட இடைவெளி.

உண்மையிலேயே 1900–01-ஐச் சேர்ந்த படங்கள் உறுதியான பிடிமானம் தருகின்றன. தியன்ஜினில் அமெரிக்க 6-ஆம் குதிரைப்படை பிடித்துவந்த கைதிகளை ஜேம்ஸ் ரிகல்டன் எடுத்த ஸ்டீரியோ அட்டை அப்படி ஒன்று. ஆனால் அதிலும் "பாக்ஸர்" என்பது பிடித்தவர் வைத்த பெயர். அந்தக் கைதிகளை விசாரித்து நிரூபித்த தீர்ப்பு அது என்று கொள்ளக் கூடாது. அமைச்சர் சீஷியூவும் ஷூ செங்யூவும் காய்ஷிகோவில் தலைவெட்டப்பட்டது 1901 பிப்ரவரி 26. தேதி, இடம், பெயர் மூன்றும் அரசு ஆவணத்தோடு பொருந்தும் இத்தகைய படங்களை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றின் கடைகளையும் சீருடைகளையும் ஒப்பிடுங்கள்.

சட்டத்தோடு பொருத்துவது

சிங் சட்டத்தில் ஐந்து தண்டனைகள்: சிறு மூங்கிலடி, பெரு மூங்கிலடி, கட்டாய உழைப்பு, நாடுகடத்தல், மரணம். மரணத்தில் கழுத்தை நெரிப்பது இலேசானது, தலைவெட்டு அதைவிடக் கடுமை, உடல் சிதைவது முன்னோருக்குச் செய்யும் துரோகம் என்பதால். "நூறு அடி வாங்கியவர்" என்ற குறிப்பைச் சரிபார்க்க ஒரு கணக்கு உண்டு. தீர்ப்பில் எழுதிய எண்ணை 0.4 ஆல் பெருக்கி, வருவதை ஐந்தின் மடங்குக்குக் கீழே இறக்கினால் உண்மையில் விழுந்த அடி வரும். 100 என்றால் 40. 70 என்றால் 28, அதை இறக்கி 25. பத்துக்கு மட்டும் 4 அப்படியே நிற்கும்.

சிறை என்பது சிங் காலத்தில் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடம், சிறைவாசமே தண்டனை என்ற முறை பிறகு வந்தது. ஒரே சீருடையில் தறியோ தச்சுவேலையோ செய்யும் கைதிகளைப் பார்த்தால் நூற்றாண்டின் தொடக்கச் சீர்திருத்தத்துக்குப் பின் வந்த மாதிரிச் சிறை. அமெரிக்கச் சமூக ஆய்வாளர் சிட்னி கேம்பிள் பெய்ஜிங்கில் எடுத்த சிறைப் படங்கள் குடியரசுக் காலத்தவை.

உடலைத் துண்டாக்கும் லிங்சி தண்டனையை, தலையைக் காட்சிக்கு வைப்பதையும் முகத்தில் பச்சை குத்துவதையும் சேர்த்து, 1905 ஏப்ரலில் அரசு ஒழித்தது. அதற்கு வழிசெய்தவர்கள் சட்டச் சீர்திருத்தக்காரர்கள் ஷென் ஜியாபென்னும் வூ திங்ஃபாங்கும். ஆகவே 1905-க்குப் பின் எடுத்ததாகத் தேதியிட்ட லிங்சி படம் என்றால் தேதி பெரும்பாலும் தவறு. இன்று சுற்றும் லிங்சி படங்களில் முக்கியமானவை மூன்றே பேருடையவை: 1904-ல் வாங் வெய்ச்சின், 1905 ஏப்ரல் 10-ல் ஃபூஜூலி, ஆய்வாளர்கள் "போலி ஃபூஜூலி" என்று குறிக்கும் இன்னொருவர். மூன்றாமவரின் படங்களை ஃபூஜூலி என்று பெயரிட்டு 1961-ல் பாரிஸில் ஒரு நூல் வெளியிட, அந்தத் தவறு பல ஆண்டுகள் நகலெடுக்கப்பட்டது. முகம், முடி வளர்ச்சி, கம்பங்களின் அமைப்பு, பின்னால் உள்ள பார்வையாளர்கள் என நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். இந்தப் படங்களை அதற்கு மேல் உற்றுப் பார்க்கத் தேவையில்லை. ஓரத்தில் இருப்பவர்களைப் பார்த்தாலே இனங்காணும் வேலை முடிந்துவிடும்.

எழுதுவதும் வெளியிடுவதும்

பதிவில் நான்கு பகுதிகளைக் கலக்காமல் எழுதுங்கள்: கண்ணுக்குத் தெரிவது, பொருளின் மேல் அச்சிட்டோ எழுதியோ இருப்பது, நீங்கள் ஊகிப்பது, எதை வைத்து ஊகித்தீர்கள் என்பது. பழைய குறிப்பு இழிவாக இருந்தாலும் அழிக்காமல் மேற்கோள் குறிக்குள் அப்படியே வையுங்கள். அது விற்றவரைப் பற்றிய ஆதாரம். ஆனால் அதைத் தலைப்பாக்காதீர்கள்.

ஓரத்தை வெட்டாதீர்கள். பழைய புத்தகங்கள் இந்தப் படங்களை வெட்டிய விதமே ஒரு கதை. கைதி மட்டும் நிற்க, அருகே தொப்பியோடு நின்ற வெளிநாட்டவரும் இன்னொரு கேமராவின் முக்காலியும் காணாமல் போயிருக்கும். வேடிக்கை பார்த்தவர்கள் சீனர் மட்டுமே என்ற எண்ணம் அப்படித்தான் உருவானது. கொலைக் காட்சியை முகப்புப் படமாகப் போடாமல், எழுத்தைப் படித்த பின் விருப்பப்பட்டவர் திறந்து பார்க்கும்படி வையுங்கள். கைதியின் பெயர் தாளில் படிக்கக் கிடைத்தால், குற்றத்துக்கு முன்னால் பெயரை எழுதுங்கள்.

ஒரு மாதிரி. அட்டையில் அச்சிட்ட குறிப்பு: "பாக்ஸர் தலைவன், பீக்கிங், 1900." சோதனைக்குப் பின் பதிவு இப்படி அமையலாம்: "கழுத்துப்பலகை மாட்டிய நடுவயது ஆண், மூவர் உடன் நிற்கிறார்கள். ஆல்புமன் அச்சிலிருந்து புள்ளி அச்சில் எடுத்த பிரதி, பின்பக்கம் பிரித்த அஞ்சலட்டை. அட்டை 1902-க்குப் பின். படம் அதைவிடப் பழையது, 1874-க்குப் பின், ரிக்‌ஷா தெரிவதால். இடம் ஷாங்காய், இடப்பக்கக் கடைப் பலகையிலிருந்து. படத்துக்காக நிறுத்தப்பட்டவர். அசல் ஆல்புமன் அச்சோடு ஒப்பிட்டதில், தாளில் ஒரு மாதம் என்ற காலவரை படிக்க முடிகிறது. அட்டையின் குறிப்பு ஏற்கத் தக்கதல்ல." யார், எந்தத் தேதியில் திருத்தினார் என்பதையும் கீழே சேர்த்து, பழைய குறிப்போடு ஏற்கெனவே வெளியான பக்கங்கள் இருந்தால் அவற்றின் முகவரிகளையும் அதே பதிவில் குறித்துவையுங்கள்.